மலைநாட்டு நகரத்துப் பழைய ஸ்டோரைக் கடை, வகுப்பறை, தங்குமிடமாக மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளை, பண்டாரவளை, பதுளை என்று மலைநாட்டில் எந்த நகரத்துக்குப் போனாலும் ரயில் நிலையத்துக்கும் பிரதான வீதிக்கும் இடையில் ஒரு பழைய ஸ்டோராவது கண்ணில் படும். கருங்கல் அடித்தளம், தடித்த செங்கல் சுவர், தகரக் கூரை, பாரவண்டி நுழையும் அளவுக்கு அகலமான மரக்கதவு. தேயிலைப் பெட்டியையும் அரிசி மூட்டையையும் அடுக்கிவைக்கக் கட்டியவை இவை. இன்று பாதி இடத்தில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் கிடக்கும், மீதியில் உடைந்த தளபாடம். சொந்தக்காரரைக் கேட்டால் இடித்துவிட்டு ஐந்து மாடி கட்டப்போவதாகச் சொல்வார். அவருடைய தகப்பனாரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

இடிப்பதற்கு முன் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். பழைய ஸ்டோர் பெரும்பாலும் வீதி ஓரத்திலேயே நிற்கும். இடித்த மறுநாள் அது வெறும் காணி. புதுக் கட்டடத்துக்கு வீதிக் கோட்டிலிருந்து இடம் விட வேண்டும், பின்னாலும் விட வேண்டும். நகரத்தின் நடுவில் இருக்கும் சின்னக் காணியில் அப்படி விட்டுக்கொடுக்கும் ஒவ்வோர் அடியும் கடைமுகப்பு வாடகை. மலையை மேலும் வெட்டி அத்திவாரம் போடுவது தனிச் செலவு, தனி ஆபத்து. இருக்கிற கட்டடத்தைத் திருத்தி எடுப்பது பல சமயங்களில் மலிவாகவும் முடியும், விரைவாகவும் முடியும்.

இப்படிப்பட்ட வேலைகள் இரண்டே இரண்டு காரணத்தால்தான் அதிகம் கெட்டுப்போகின்றன: உறுதிப் பத்திரமும் தண்ணீரும். மற்றதெல்லாம் காசு கொடுத்தால் சரியாகும். அதனால் இந்த வழிகாட்டியில் அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம்.

1. முதலில் உறுதியைப் பாருங்கள், சுவரைப் பிறகு பார்க்கலாம்

மலைநாட்டு நகரங்களில் இந்த ஸ்டோர்களின் கதை சிக்கலானது. பல கட்டடங்களைக் கட்டியவர்களும் வாங்கியவர்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்த வியாபாரிகள். சுதந்திரத்துக்குப் பிறகும், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகும் எத்தனையோ குடும்பங்கள் ஊர் திரும்பின. உறுதி பாட்டனார் பெயரிலேயே நின்றுவிட்டது. வாரிசுகள் இன்று காரைக்குடியிலும் திருச்சியிலும் கொழும்பிலும் கனடாவிலுமாக இருப்பார்கள். சாவி மட்டும் ஹட்டனில் ஒருவர் கையில் இருக்கும்.

ஆகவே அனுபவமுள்ள நொத்தாரிசு ஒருவரைப் பிடித்து, காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடத்துக்குப் பின்னோக்கித் தேடச் சொல்லுங்கள். இத்தகைய கட்டடத்துக்கு அதற்கும் பின்னால் போவது நல்லது. பார்க்க வேண்டியவை இவை: காணி தனியார் உரிமையா, அரச குத்தகையா, ரயில்வே திணைக்களத்துக்கு உரியதா? முடிக்குரிய (அதாவது அரச) காணி என்றால் அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் எத்தனை வருடக் குத்தகை, அதில் எத்தனை மிச்சம், குத்தகையில் எழுதிய பயன்பாடு என்ன? களஞ்சியத்துக்கு என்று கொடுத்த காணியில் விடுதி நடத்தக் கேட்டால் திரும்பவும் எழுத வேண்டிவரும். தோட்ட எல்லைக்குள் இருக்கிற ஸ்டோர் என்றால் விஷயம் வேறு. 1992க்குப் பிறகு பெருந்தோட்டங்களைப் பிராந்திய கம்பனிகள் நடத்தினாலும் நிலம் அரசினுடையதுதான். கம்பனி முகாமையாளர் தலையாட்டியதை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள்.

கூட்டு உரிமை இருந்தால் அவசரப்பட வேண்டாம். பிரிபடாத பங்கை யாரும் விற்கலாம், நீங்களும் வாங்கலாம். ஆனால் வாங்கிய அன்றிலிருந்து முகம் தெரியாத பத்துப் பேருக்கு நீங்கள் பங்காளி. அதில் ஒருவர் பங்கீட்டு வழக்குப் போட்டால் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது தன் போக்கில் போகும். வருடக்கணக்கில் போகும். எல்லா வாரிசுகளையும் ஒரே உறுதியில் கையெழுத்திட வைப்பதற்கு அலைவதுதான் கடைசியில் குறுக்கு வழி. இந்தியாவில் இருப்பவர்களிடம் அற்றோணித் தத்துவம் வாங்கி, இங்கே பதிவுசெய்து, அதன் பிறகு உறுதி எழுதுங்கள். தேவைப்பட்டால் மரணசாதன வழக்கையும் விற்பவர் தரப்பே முடித்துத் தர வேண்டும் என்று உடன்படிக்கையில் சேர்த்துவிடுங்கள்.

பின்கட்டில் யாராவது குடியிருக்கிறார்களா என்று இரவில் போய்ப் பாருங்கள். பகலில் பூட்டியிருக்கும் அறையில் இரவு விளக்கு எரியும். 1871ஆம் ஆண்டுக் காலாவதியாதல் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளரின் அனுமதியின்றி அவருக்கு எதிராக, இடையூறில்லாமல் 10 வருடம் ஆண்டவர் தனியார் காணியில் உரிமை கோரலாம். அரச காணியில் அது செல்லாது.

முன்பக்கத்துக் கடைக்காரர் இன்னொரு விஷயம். மாதம் சில நூறு ரூபாய் வாடகையில் நாற்பது வருடமாக இருப்பார். 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு இருக்கிறதா என்பது ஆதன வரி மதிப்பையும் அவர் வந்த காலத்தையும் பொறுத்தது. சட்டத்தரணியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என் அபிப்பிராயத்தில் அவரைக் கிளப்பப் பார்ப்பதைவிட, திருத்திய கட்டடத்தில் ஒரு நல்ல கடையை எழுதிக் கொடுத்து முன்பே சமரசம் செய்துகொள்வது மேல். ஊரார் அவரைத் தேடித்தான் வருவார்கள். உங்கள் கட்டடத்துக்குக் காலடி கொண்டுவருபவரே அவர்தான்.

வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர் காசு போடுவதாக இருந்தால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தை நினைவில் வையுங்கள். வெளிநாட்டுப் பிரஜையோ, பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனியோ இங்கே காணியைச் சொந்தமாக வாங்குவதற்குத் தடை இருக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்குச் சிக்கல் இல்லை.

2. மலை என்ன சொல்கிறது?

வாங்குவதற்கு முன்பே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை எல்லாம் மண்சரிவு அபாய மாவட்டங்கள். உள்ளூராட்சி சபை கட்டட அனுமதி கொடுப்பதற்கு முன் இவர்களுடைய மண்சரிவு இடர் அறிக்கையைக் கேட்கும். அபாய வலய வரைபடத்தில் அந்தச் சரிவு எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு நாள் போதும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவிலும், 2025 நவம்பர் டித்வா புயலிலும் நாம் பார்த்ததற்குப் பிறகும் இதை ஒரு சம்பிரதாயக் கடிதமாக நினைப்பவரோடு கூட்டுச் சேராதீர்கள்.

அதிகாரி வருவதற்கு முன் நீங்களே சுற்றிப் பார்க்கலாம். கட்டடத்துக்கு மேலே இருக்கிற வீட்டின் கழிவுநீர் எங்கே போகிறது? மேல்வீதி வடிகான் எங்கே முடிகிறது? மரங்கள் சாய்ந்து வளைந்து வளர்ந்திருக்கின்றனவா? தரையில் புதிதாக வெடிப்பு உண்டா, மழை ஓய்ந்து ஒரு வாரம் கழித்தும் எங்காவது கலங்கல் தண்ணீர் கசிகிறதா? இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுவது நல்லது.

3. கட்டடத்தின் வயதையும் உடம்பையும் சோதியுங்கள்

வயதைக் கண்டுபிடிக்க ரயில் ஒரு நல்ல கைகாட்டி. நாவலப்பிட்டிக்கு 1874இலும் ஹட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் பண்டாரவளைக்கு 1894இலும் பதுளைக்கு 1924இலும் ரயில் வந்தது. கனமான உருக்கு உத்தரங்களும் வார்ப்பிரும்புத் தூண்களும் மாட்டு வண்டியில் மலையேறுவது பெரும்பாடு. ஆகவே அவை நிறைந்த ஸ்டோர் பெரும்பாலும் அந்த ஊருக்கு ரயில் வந்த பிறகு கட்டியது. உத்தரத்தின் பக்கவாட்டில் தூசியைத் துடைத்துப் பாருங்கள், உருக்கிய ஆலையின் பெயர் புடைப்பாக இருக்கலாம். தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பெர்குசன் வழிகாட்டிகளை (அந்தக் கால வியாபார, தோட்ட விபரத் தொகுப்புகள்) புரட்டினால் அந்த வீதியில் எந்த வியாபார நிறுவனம் இருந்தது என்றும் சில சமயம் கிடைக்கும். பின்னால் கட்டடத்துக்குப் பெயர் வைக்கும்போதும், வங்கிக்கு அறிக்கை எழுதும்போதும் இது உதவும்.

அப்புறம் உடம்பு. அமைப்புப் பொறியியலாளர் ஒருவரைக் கட்டாயம் கூப்பிட வேண்டும். மேசன் பாஸின் கண் நல்ல கண்தான், ஆனால் கையெழுத்து பொறியியலாளருடையது வேண்டும். அவரோடு கூடவே நடந்து இவற்றைப் பாருங்கள்.

மர உத்தரத்தின் நடுப்பகுதி பளபளவென்று இருக்கும். உளுத்துப்போவது சுவருக்குள் புகும் நுனி. ஒரு ஸ்குரூட்ரைவரை எடுத்து, உத்தரம் சுவரைத் தொடும் இடத்தில் அடிப்பக்கமாகக் குத்துங்கள். நல்ல மரத்தில் முனை நிற்கும், உளுத்ததில் கைப்பிடிவரை இறங்கும். நுனி மட்டும் போயிருந்தால் முழு உத்தரத்தையும் கழற்ற வேண்டியதில்லை. கெட்டதை வெட்டி, இருபுறமும் இரும்புத் தகடு வைத்துப் புரியாணியால் இறுக்கிப் புதுத் துண்டைச் சேர்க்கலாம்.

வார்ப்பிரும்புத் தூண் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவதில் கெட்டி. பக்கத்திலிருந்து இழுத்தாலோ அடித்தாலோ முறியும். அதில் எதையும் வெல்டிங் செய்ய விடாதீர்கள். தீயில் சுட்ட பிறகு தண்ணீர் பட்டால் வெடிக்கவும் கூடும். தீப்பாதுகாப்புப் பூச்சைப் பற்றிப் பொறியியலாளரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. களஞ்சியத் தளம் கனத்துக்கென்றே கட்டியது. வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ, அலுவலகத்துக்கு 250, கடைக்கு 400, கூட்டம் கூடும் மண்டபத்துக்கு 500 கிலோ தாங்க வேண்டும் என்பது பொறியியலாளர்கள் வைத்திருக்கும் பொதுவான அளவு. பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிய தளம், மரம் கெடாமல் இருந்தால், இதில் பலவற்றைத் தாண்டிவிடும். ஆனால் மண்டபம் என்றால் கனத்தோடு அதிர்வும் வரும். அதைத் தரைத் தளத்தில் வைப்பதே நிம்மதி.

சாந்தையும் சோதியுங்கள். சாவியால் சுரண்டினால் வெண்மையாகப் பொடிந்து கொட்டினால் சுண்ணாம்பு, சாவி வழுக்கினால் சீமெந்து. ஏன் இது முக்கியம் என்பது பின்னால் வரும்.

4. என்ன வைப்பது?

இங்கேதான் ஆசை ஆளைக் கவிழ்க்கும். எல்லோரும் முதலில் சொல்வது ஹோட்டல். காரணம் கந்தப்பளை. ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலானது. கொழுந்து வாட்டிய மேல்மாடிகள் அறைகளாயின, பழைய இயந்திரத்தைக் கீழே அப்படியே விட்டுவைத்தார்கள். அருமையான வேலை. ஆனால் அது பெரிய கம்பனியின் பணத்தில், தோட்டத்தின் நடுவில், நாலு பக்கமும் பச்சை தெரியும் குன்றில் நிற்கிறது. உங்கள் ஸ்டோரின் ஜன்னலில் தெரிவது பஸ் நிலையம்.

நகரத்துக் கட்டடத்துக்கு ஹந்தானை நல்ல பாடம். கண்டிக்கு மேலே 1925இல் கட்டிய தொழிற்சாலை, கைவிடப்பட்டுக் கிடந்து, பிறகு தேயிலை அருங்காட்சியகமானது. கீழே கனமான இயந்திரங்கள், அதற்கு மேல் காட்சிப் பொருட்கள், அதற்கும் மேல் தேயிலைக் கடைகள், உச்சியில் மலையைப் பார்த்துக்கொண்டு தேநீர். மாடிக்கு மாடி வேறு வேலை. கனத்தைக் கீழேயும் காட்சியை மேலேயும் வைத்த அந்த ஒழுங்கை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

சுற்றுலாவை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று கடந்த சில வருடங்களே காட்டிவிட்டன. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல், 2020 கொரோனா, 2022 எரிபொருள் வரிசை, 2025 டித்வா. ஒவ்வொரு தடவையும் அறைகள் காலியாகின. மருந்துக் கடையும் டியூஷன் வகுப்பும் சீக்கிரமே திரும்பி எழுந்தன. ஆகவே என் ஆலோசனை: கட்டடத்தின் அன்றாடச் செலவை ஊர்க்காரரின் வாடகையே கட்ட வேண்டும். சுற்றுலா வருமானம் மேலதிகம்.

தரைத் தளத்தில் வீதிப்பக்கம் சின்னச் சின்னக் கடைகள். பெரிய கடை ஒன்றைவிடச் சின்னக் கடை ஆறு நல்லது, ஒருவர் போனாலும் ஐந்து வாடகை வரும். மருந்தகம், கண்ணாடிக் கடை, தொலைபேசி திருத்துபவர், ரொட்டிக் கடை, தோட்டங்களிலிருந்து சம்பள நாளில் இறங்கி வருபவர்கள் தேடுகிற துணிக்கடை. தரைத் தளத்தின் பின்பாதி இருட்டாக இருக்கும். அங்கே களஞ்சியத்தையே விட்டுவைக்கலாம், அல்லது நூறு நூற்றைம்பது பேர் உட்காரும் மண்டபம். பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள், தொழிற்சங்கக் கூட்டம் என்று மண்டபத்துக்கு மலைநாட்டில் எப்போதும் தட்டுப்பாடு.

நடுமாடி படிப்புக்கு. உயர்தர வகுப்புகள், கணினிப் பயிற்சி, கொழும்புக் கம்பனிக்கு ஊரிலிருந்தே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு மேசையும் நல்ல இணையமும். லயத்து அறையில் ஐந்து பேருக்கு நடுவே மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்கிற பிள்ளைக்கு மாதக் கட்டணத்தில் ஒரு மேசை கிடைத்தால் வராமல் இருக்குமா?

மேல்மாடி தங்குவதற்கு. அதிலும் பாதியை மாதவாடகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: இடமாற்றம் கிடைத்து வரும் ஆசிரியர்கள், தாதியர், வங்கி ஊழியர்கள் நல்ல அறை கிடைக்காமல் அலைகிறார்கள். மறுபாதி பயணிகளுக்கு. ஹட்டனில் என்றால் டிசம்பர் பூரணை முதல் மே வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். இரவு ரயிலில் இறங்குபவருக்கு வெந்நீரும் நாலு மணிநேரத் தூக்கமும் போதும். அடுக்குக் கட்டிலே தாராளம்.

நேரங்களும் மோதக் கூடாது. ரொட்டிக் கடை விடியக் காலை நாலு மணிக்கு எழும், வகுப்பு பிற்பகலில் சத்தமிடும், மண்டபத்தில் பாட்டு இரவு பத்துவரை போகும். மண்டபத்துக்கு நேர்மேலே தூங்கும் அறை வைத்தால் வாரம் ஒரு சண்டை. இடையில் ஒரு மாடி இருக்கட்டும்.

5. கணக்கு

மாடிக்கு 4,000 சதுர அடியாக மூன்று மாடி, மொத்தம் 12,000 என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். படிக்கட்டு, நடைவழி, கழிப்பறை, மின் அறை எல்லாம் போக வாடகைக்கு மிஞ்சுவது 70 முதல் 75 வீதம், அதாவது 8,400 முதல் 9,000. வங்கிக்குப் போகும்போது 12,000ஐப் பெருக்கிக்கொண்டு போகாதீர்கள். வருடத்தில் பத்து மாத வாடகைதான் வரும் என்று வைத்துக் கணக்கிட்டு, அதிலும் கடன் தவணை கட்ட முடிந்தால் தொடருங்கள்.

புதுக் கட்டடத்துக்கு எதிர்பாராச் செலவாக 10 வீதம் ஒதுக்குவார்கள். பழைய ஸ்டோருக்கு 20 முதல் 25 வீதம் வேண்டும், பூச்சை உரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒப்பந்தக்காரர் சொல்லும் விலையில் வற் வரி சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். 50 இலட்சம் வேலைக்கு 9 இலட்சம் என்றால் ஒரு கூரையின் விலை.

கட்டம் கட்டமாகச் செய்வதுதான் சிறு முதலுக்குப் பொருத்தம். முதல் கட்டத்தில் கூரை, வடிகால், முன்கடைகள். அந்த வாடகை வரத் தொடங்கிய பிறகு நடுமாடி. மேல்மாடி கடைசி. ஆனால் குழாய், கம்பி, படிக்கட்டு ஆகியவற்றின் வரைபடம் மூன்று மாடிக்கும் முதல் நாளே முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் கட்டத்தில் முதல் கட்டத்தை உடைப்பீர்கள்.

6. அனுமதிகள்

நகர சபையோ மாநகர சபையோ, அந்தப் பகுதி நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்தப்பட்டிருந்தால் 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டமும் 2021இல் வந்த திட்டமிடல் ஒழுங்குவிதிகளும் பொருந்தும். களஞ்சியத்தைக் கடையாக்குவது பயன்பாட்டு மாற்றம். சுவரைத் தொடாவிட்டாலும் அனுமதி வேண்டும். முதலில் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி கேளுங்கள். வாகனத் தரிப்பிடம் எத்தனை கேட்பார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும். பழைய கட்டடங்கள் அதிகம் சிக்கிக்கொள்வது அதில்தான்.

தொல்பொருள் விஷயத்தில் பயப்படத் தேவையில்லை, ஆனால் கேட்டுவிடுங்கள். 1815 மார்ச் 2க்கு முற்பட்டவை 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி புராதனச் சின்னங்கள். நம் ஸ்டோர்கள் அதற்கு மிகவும் பிந்தியவை. ஆனாலும் பிந்திய கட்டடத்தையும் வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கலாம். கண்டி நகரம் 1988 முதல் உலக மரபுரிமை. அதன் எல்லைக்குள் ஜன்னல் நிறத்தை மாற்றுவதற்குக்கூட முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடத்துக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைப் பதிவு, உணவுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தீயணைப்புப் பிரிவின் சிபாரிசு ஆகியவை வழமைபோல. மாடிகளைத் தனித்தனியாக விற்க நினைத்தால் 1973ஆம் ஆண்டு 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்துக்குள் போக வேண்டும். முதல் பத்து வருடம் விற்காமல் வாடகைக்கு விடுவதே நல்லது என்பேன்.

7. வேலை: தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

காலத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஹட்டன், நாவலப்பிட்டி, வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். அங்கே கூரையைக் கழற்ற ஜனவரி முதல் மார்ச் வரை. பதுளை, பண்டாரவளையில் மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. அங்கே ஜூன் முதல் ஓகஸ்ட் வரை நல்லது, காற்று மட்டும் பலமாக இருக்கும், தகரத்தைக் கட்டிவைத்தே வேலை செய்ய வேண்டும்.

கூரையில் அஸ்பெஸ்டஸ் இருந்தால் உடைக்கவோ கிரைண்டரால் வெட்டவோ விடாதீர்கள். நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத் தகடாக இறக்கி, சுற்றிக் கட்டி, சபை சொல்லும் இடத்துக்கு அனுப்புங்கள். புதுத் தகரத்தின் கீழே கண்ணாடிப் பஞ்சுப் படை ஒன்று அவசியம். இல்லையென்றால் மழை நேரத்தில் மேல்மாடியில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது, குளிர் இரவில் தகரத்தின் உட்பக்கம் வியர்த்துச் சொட்டும். பீலிகளை அகலமாகப் போடுங்கள். இரண்டு கூரைகளுக்கு நடுவே இருக்கிற பள்ளப் பீலிதான் அதிகம் வழியும். ஆள் காலை வைத்து நடந்து சுத்தம் செய்யும் அகலம் இருக்கட்டும்.

அடுத்தது மலைப்பக்கத்துப் பின்சுவர். எல்லா ஸ்டோரிலும் நோய் இதிலேதான். இடுப்புயரத்துக்கு ஈரக்கோடு, அதன் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், தட்டினால் பூச்சு பொள் என்று ஒலிக்கும். இதைப் பார்த்ததும் பெயின்ட் கடைக்காரர் உள்பக்கமாகப் பூச ஒரு நீர்காப்புச் சீமெந்தைக் காட்டுவார். வாங்காதீர்கள். தண்ணீர் சுவருக்குள்ளேயே சிக்கி இன்னும் மேலே ஏறி, அடுத்த மாடி உத்தரத்தின் நுனியை உளுக்க வைக்கும்.

மருந்து வெளியே இருக்கிறது. சுவருக்கும் மண்ணுக்கும் இடையில், பொறியியலாளர் சொல்லும் ஆழத்துக்கு, சிறு சிறு பகுதியாகத் தோண்டுங்கள். ஒரே நாளில் முழு நீளமும் தோண்டினால் மண் இறங்கிவிடும். அடியில் துளையுள்ள குழாய், அதைச் சுற்றிச் சல்லி, சல்லியைச் சுற்றி மண் புகாமல் வடிதுணி. குழாயின் மறுமுனை நகர வடிகானில் போய் விழ வேண்டும். தோண்ட இடமே இல்லாத சுவர் என்றால், உள்ளே ஒரு முழம் விட்டு இன்னொரு மெல்லிய சுவர் எழுப்பி, நடுவே காற்றோட்டமும் சின்னக் கானும் வையுங்கள். இடம் குறையும், ஆனால் கடைக்காரரின் மாச்சாக்கு நனையாது.

ஈரம் நின்ற பிறகு சுவர் காய்வதற்கு மாதங்கள் ஆகும். அவசரப்படுத்த முடியாது. பிறகு சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. பழைய செங்கல் மென்மையானது, சீமெந்து அதைவிடக் கெட்டி. சுவர் அசையும்போது சீமெந்து அப்படியே நிற்க, செங்கல்தான் உடையும். மாத்தளை, திகனப் பக்கத்துச் சூளைகளில் கிடைக்கும் டொலமைட் சுண்ணாம்பை நீண்ட நாள் ஊறவைத்தே பூச வேண்டும். சுண்ணாம்பு பூசத் தெரிந்த பாஸ்மார் குறைவு. பழைய கோயில், விகாரை வேலை செய்தவரை விசாரித்துப் பிடியுங்கள், கூலி கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள்.

கழிவுநீர் இன்னொரு தலைவலி. சரிவில் உறிஞ்சுகுழி தோண்டினால் கட்டடத்தின் அத்தனை கழிப்பறைத் தண்ணீரையும் மலைக்குள் ஊற்றுகிறீர்கள் என்று பொருள். நகரக் கழிவுநீர்க் குழாய் இருந்தால் அதில் சேருங்கள், இல்லாவிட்டால் சுத்திகரிக்கும் தொட்டி வைத்து வெளியேற்றுங்கள். பொறியியலாளரும் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஒப்புக்கொள்ளாத குழி வேண்டாம்.

தீ. மரத்தளம் உள்ள கட்டடத்தில் ஆட்கள் தூங்கப்போகிறார்கள். இரண்டு படிக்கட்டு, ஒன்று நேராக வெளியே திறக்க வேண்டும். கடைக்கும் மேல்மாடிக்கும் இடையே குறைந்தது ஒரு மணிநேரம் தீயைத் தடுக்கும் கூரைப்பலகை. சமையல்வாயு சிலிண்டர்கள் எல்லாம் வெளியே, கம்பிக் கூண்டுக்குள். ஒவ்வொரு கடைக்கும் தனி மின்மானி, தனி டிரிப் சுவிட்ச்.

சாய்வுப் பாதையை மறக்காதீர்கள். 2006 ஒக்டோபரில் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகள் பொதுமக்கள் வரும் கட்டடங்களுக்குப் பொருந்தும். பழைய ஸ்டோரில் ஓர் அதிர்ஷ்டம்: சரிவில் கட்டியதால் முன்வாசல் ஒரு மாடியிலும் பின்வாசல் அடுத்த மாடியிலும் திறக்கும். மின்தூக்கி இல்லாமலே இரண்டு மாடிக்குச் சக்கர நாற்காலி போகும்.

பெரிய கதவு, தகர எழுத்து, பாரம் தூக்கிய கப்பி, தராசு மேடை இவற்றைக் கழற்றி விற்காதீர்கள். பழைய சாமான் வியாபாரி முதல் வாரமே மோப்பம் பிடித்து வருவார்.

8. ஒப்பந்தம்

முழுக் கட்டடத்துக்கும் ஒரே தொகை பேசுவது இந்த வேலைக்கு ஒத்துவராது. அளவுக்கு விலை பேசுங்கள்: சதுர அடிக்குப் பூச்சு, அடிக்குப் பீலி, உத்தர நுனி ஒன்றுக்கு இவ்வளவு. எத்தனை நுனி என்று திறந்து பார்த்த பிறகே தெரியும். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் பதிவுள்ளவரா என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, அவர் முன்பு திருத்திய பழைய கட்டடம் ஒன்றுக்கு மழை நாளில் போய்ப் பாருங்கள். பணத்தில் 5 வீதத்தையாவது ஒரு பருவமழை கழியும்வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

9. திறந்த பிறகு

வேலை முடிந்ததும், அனுமதித்தபடி கட்டியிருக்கிறது என்று சபை தரும் இணக்கச் சான்றிதழ் வாங்காமல் யாரையும் குடிவைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கலாம். வாடகை உடன்படிக்கைகளை நொத்தாரிசு முன்னிலையில், கால எல்லையோடும் வாடகை உயர்வு வீதத்தோடும் எழுதுங்கள். பொதுச் செலவைத் தனியே பிரித்து எழுதுங்கள்: படிக்கட்டு விளக்கு, தண்ணீர் மோட்டார், காவலாளி, பீலி சுத்தம். சதுர அடிக்கு இவ்வளவு என்று முதல் மாதத்திலிருந்தே வசூலித்தால் பிறகு தகராறு இல்லை.

பீலியையும் பின்சுவர் வடிகாலையும் ஏப்ரல் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் திறந்து சுத்தம் செய்ய ஆளை இப்போதே பேசிவிடுங்கள். குழாயின் மறுமுனையில் விழும் தண்ணீர் தெளிந்ததா கலங்கலா என்று ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். கலங்கலாக வந்தால் மலையிலிருந்து மண் கழுவிக்கொண்டு வருகிறது. அன்றே பொறியியலாளரைக் கூப்பிட வேண்டும், பின்பாதியில் இருப்பவர்களை வெளியேற்ற வேண்டும்.